காரின் தலையில் சர்ஃப் போர்டு: ரூஃப் ரேக் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முட்டுக்காடு பாலத்தைக் காரில் கடந்தவர்களுக்குத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதுவரை கட்டடங்களும் மரங்களும் மறைத்துக்கொண்டு வந்த கடல் காற்று, பாலத்தில் ஏறியதும் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும். கோவளத்தில் அலையேறிவிட்டுச் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், அந்தப் பாலத்தில்தான் நண்பருடைய காரின் கூரையில் கட்டியிருந்த 9 அடி போர்டின் முன்பக்கம் எழும்புவதை முன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முதலில் இரண்டு விரல் அளவு. அப்புறம் ஒரு சாண். பாலம் தாண்டி ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால், கட்டிய பட்டை இறுக்கமாகவே இருந்தது. பட்டையைக் கோத்திருந்த, கூரை ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் ரெயில்தான் பெயர்ந்து, இரண்டு பிளாஸ்டிக் கிளிப்புகளில் தொங்கிக்கொண்டிருந்தது. போர்டின் எடை 7 கிலோகூட இல்லை.

போர்டைக் கட்ட, கூரையின் குறுக்கே இரண்டு கம்பிகளும் அவற்றைத் தாங்கும் கால்களும் கொண்ட ரேக் வாங்கப் போனால் பெரும்பாலும் முதலில் காதில் விழுவது "நூறு கிலோ தாங்கும் சார்" என்பதுதான். பெட்டி படுக்கை ஏற்றுகிறவருக்கு அது சரியான பதில். சர்ஃப் போர்டுக்கு அது பாதி பதில்கூட இல்லை. வண்டி நிற்கும்போதுதான் போர்டு கூரையை அழுத்துகிறது. ஓடத் தொடங்கியதும் மேலே இழுக்கிறது. 80 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 30 கிலோ எடைக்குச் சமம். 9 அடி போர்டின் பரப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அந்த அழுத்தத்தில் பாதி மேல்நோக்கித் திரும்பினாலே 15 கிலோவுக்கு மேல் வந்துவிடும். போர்டின் எடையைப்போல் இரண்டு மடங்கு. 100 கி.மீ. வேகத்தில் அந்த 30 கிலோ 47 ஆகிவிடும். எதிரே வரும் பேருந்து கிளப்பும் காற்று, பாலத்தின் பக்கக் காற்று எல்லாம் இதற்கு மேல்.

ஆகவே ரேக் எவ்வளவு சுமக்கும் என்பதைவிட, மேல்நோக்கி இழுத்தால் எவ்வளவு பிடிக்கும் என்பதே கேள்வி. கீழே சொல்லியிருப்பது எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளைக்கிறது.

1. முதலில் போர்டை அளந்துகொள்ளுங்கள்

ரேக் தேவையே இல்லாமல் இருக்கலாம். 6 அடிக்குள் அடங்கும் ஷார்ட்போர்டு என்றால், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைப் பின்னால் சாய்த்து, பின் இருக்கையில் ஒரு பக்கத்தை மடித்தால் பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் உள்ளேயே போய்விடும். போர்டின் அடியில் துடுப்பைப்போல நீட்டியிருக்கும் ஃபின்களைக் கழற்றி, பழைய போர்வை ஒன்றைச் சுற்றிவிட்டால் போதும். தனியாகப் போகிறவருக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, திருட்டுப் பயமும் குறைவு.

இரண்டு பேர் போகிறீர்கள், அல்லது போர்டு 7 அடியைத் தாண்டுகிறது என்றால் கூரைதான் வழி. கற்றுக்கொள்ளும்போது கையில் இருப்பது பெரும்பாலும் மேற்பரப்பு மென்மையான ஃபோமாக இருக்கும் 8 அடி அல்லது 9 அடி சாஃப்ட் டாப்; அது உள்ளே நுழையாது.

போர்டின் நீளம், அகலம், தடிமன், ஃபின்னின் உயரம் நான்கையும் சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். 9 அடி என்பது 274 செ.மீ. லாங்போர்டின் அகலம் 57 செ.மீ. அளவில் இருக்கும், ஷார்ட்போர்டு 50 செ.மீ. சுற்றி. அகலம் ஏன் தேவை என்றால், சிறிய காரின் கூரைக் கம்பியில் கட்டுவதற்குக் கிடைக்கும் அகலம் ஒரு மீட்டருக்கு முன்பின்தான். இரண்டு லாங்போர்டுகளைப் பக்கம் பக்கமாக வைக்க 114 செ.மீ. வேண்டும். ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டி வரும், அதற்குத் தகுந்த நீளத்தில் பட்டையும் வாங்கவேண்டி வரும்.

2. உங்கள் வண்டியின் கூரை என்ன வகை?

கடைக்குப் போகுமுன் வண்டியின் பக்கத்தில் நின்று கூரையை நன்றாகப் பாருங்கள். ரேக்கின் கால் எதைப் பிடித்துக்கொள்ளப்போகிறது என்பதை வைத்துத்தான் எல்லாமே முடிவாகிறது.

பழைய அம்பாசடர், மாருதி ஆம்னி போன்ற வண்டிகளில் கூரையின் இரு ஓரத்திலும் மழைநீர் வடிய ஒரு தகர விளிம்பு ஓடும். ரேக் பொருத்த இதைவிட எளிதான இடம் கிடையாது. காலின் கொக்கி அந்த விளிம்பைக் கீழிருந்து பிடித்துக்கொள்ளும். மேலே இழுத்தால் இன்னும் இறுகும். துரு பிடித்து விளிம்பு இற்றுப்போயிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்தது, கூரைக்கும் தனக்கும் நடுவே விரல் நுழையும்படி உயர்ந்து நிற்கும் ரெயில். எஸ்யூவிகளில் பார்த்திருப்பீர்கள். காலின் பிடி ரெயிலைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். கம்பிகளை முன்னும் பின்னும் நகர்த்தி இடைவெளியை நம் இஷ்டத்துக்கு வைக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. இடைவெளி இல்லாமல் கூரையோடு ஒட்டி ஓடும் ரெயில் இன்னொரு வகை. அதற்கு அந்த மாடலுக்கென்று வார்த்த கால் வேண்டும். பொதுக் கால் பிடிக்காது.

ஐரோப்பிய நிறுவனங்களின் சில கார்களில் கூரையில் சின்ன மூடிக்குக் கீழே மரை வைத்த துளைகள் இருக்கும். இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதற்கான காலை வாங்குங்கள்.

கடைசியாக, ஒன்றுமே இல்லாத வழுக்கைக் கூரை. நம் ஊர் ஹேட்ச்பேக், செடான் பெரும்பாலானவை இதுதான். கால் கூரையின் ஓரத்தில் ரப்பர் பாதத்தோடு உட்கார்ந்துகொள்ளும். அதிலிருந்து ஒரு தகட்டுக் கொக்கி இறங்கி, கதவைத் திறந்தால் தெரியும் பீடிங் ரப்பருக்கு மேலே உள்ள விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கொக்கியின் வளைவு ஒவ்வொரு மாடலுக்கும், சில நேரம் ஒரே மாடலின் ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு. "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று விற்கும் கொக்கியைப் போட்டால், பெயின்டைச் சுரண்டும் அல்லது கதவு சரியாக மூடாது. இரண்டுமே இல்லாவிட்டால் பிடியே இல்லாமல் இருக்கும். தூலே, யாகிமா போன்ற நிறுவனங்கள் காலைத் தனியாகவும், மாடலுக்கான பொருத்துக் கிட்டைத் தனியாகவும் விற்பது இதனால்தான். உங்கள் வண்டியின் பெயர், வந்த ஆண்டு இரண்டையும் சொல்லி, அதற்கான கிட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். இந்தியாவில் மட்டும் விற்கும் மாடலாக இருந்தால் வெளிநாட்டு நிறுவனத்தின் பட்டியலில் அது இல்லாமலும் போகலாம்.

இப்போது என் நண்பரின் வண்டிக்கு நடந்ததற்கு வருகிறேன். நம் சந்தையில் ஓடும் பல வண்டிகளில் கூரை ரெயில் வெறும் அலங்காரம். கிளிப்பிலோ இரட்டைப் பக்க டேப்பிலோ ஒட்டியிருக்கும். வெள்ளிப் பெயின்ட் அடித்து, தூரத்திலிருந்து பார்த்தால் அசலைப்போலவே தெரியும். விரலால் தட்டினால் மொட்டையான பிளாஸ்டிக் சத்தம் வரும். இரு கையாலும் பிடித்து மேலே இழுத்தால் நுனியில் லேசாகக் கூரையை விட்டு விலகும். ஆனால் தட்டிப் பார்ப்பதையும் இழுத்துப் பார்ப்பதையும் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து, கூரைச் சுமை எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சிறிய கார்களில் 50 கிலோ, 75 கிலோ என்று இருக்கும். பெரிய எஸ்யூவிகளில் 100 வரை போகும். அது ரேக்கின் எடையையும் சேர்த்த கணக்கு, வண்டி ஓடும்போது பொருந்தும் கணக்கு. ரெயிலில் சுமை ஏற்றக் கூடாது என்று எழுதியிருந்தாலோ, சுமை பற்றிய பேச்சே இல்லாவிட்டாலோ, அந்த ரெயிலில் ஒரு துண்டைக்கூடக் காயப்போடாதீர்கள். வண்டியை வழுக்கைக் கூரையாகவே எண்ணிக்கொண்டு கதவு விளிம்பைப் பிடிக்கும் காலைத் தேடுங்கள்.

கண்ணாடிக் கூரை உள்ளவர்கள் கையேட்டை இன்னும் கவனமாகப் படிக்கவேண்டும். ரேக் போட்டபின் அதைத் திறந்தால் கண்ணாடி கம்பியில் இடிக்கலாம்.

3. கம்பியும் இடைவெளியும்

கால் முடிவானால் கம்பி எளிது. சதுரக் கம்பி, வட்டக் கம்பி, விமான இறக்கை வடிவத்தில் தட்டையான அலுமினியக் கம்பி என மூன்று விதம். சதுர இரும்புக் கம்பி மலிவு, உறுதி. ஆனால் 60 கி.மீ. தாண்டியதும் ஊளையிடும், கடற்கரையில் துருப்பிடிக்கும். வட்டக் கம்பியில் போர்டு உட்காரும் ஸ்பாஞ்சு சுற்றிக்கொண்டே போகும் என்பது எரிச்சல். காசு கொடுக்க முடியுமானால் இறக்கை வடிவம்தான் என் தேர்வு. சத்தம் குறைவு, போர்டுக்குத் தட்டையான படுக்கை, துரு இல்லை.

இடைவெளிதான் பலர் கவனிக்காமல் விடும் இடம். முன் கம்பிக்கும் பின் கம்பிக்கும் நடுவே குறைந்தது 70 செ.மீ. வேண்டும், கூடக் கூட நல்லது. 274 செ.மீ. போர்டை 70 செ.மீ. இடைவெளியில் வைத்தால் முன்னும் பின்னும் 102 செ.மீ. வெளியே நீளும். அதாவது கைப்பிடி ஒரு மீட்டர் நீளமுள்ள நெம்புகோலைக் காற்றின் கையில் கொடுத்துவிட்டோம். அதே போர்டை 90 செ.மீ. இடைவெளியில் வைத்தால் நீட்டல் 92 ஆகக் குறைகிறது, பிடி அகலமாகிறது. 6 அடி போர்டுக்கு 70 செ.மீ. தாராளம்.

நம் ஊரில் வரிக் கணக்குக்காக 4 மீட்டருக்குள் அடக்கிய வண்டிகள்தான் அதிகம். கூரை குட்டையாகத்தான் இருக்கும். கதவு விளிம்பைப் பிடிக்கும் கால்களை நிறுவனம் சொன்ன இடத்தில்தான் வைக்கவேண்டும், நகர்த்தக் கூடாது. ஆகவே லாங்போர்டு வைத்திருப்பவர் கிட் வாங்குமுன் "இந்த வண்டியில் இரண்டு கம்பிக்கும் நடுவே எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிடுங்கள்.

காலை முடுக்க ஒரு சாவி கொடுப்பார்கள். நல்ல செட்டில் அந்தச் சாவியே போதுமான இறுக்கம் வந்ததும் டக்கென்று சொல்லிவிடும். பொருத்திய முதல் நாள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு சுற்று முடுக்கிப் பாருங்கள். ரப்பர் பாதம் அமுங்கியதில் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

4. கம்பி இல்லாத மென் ரேக் போதுமா?

கூரையில் இரண்டு ஸ்பாஞ்சு மெத்தை, அல்லது காற்றடித்த இரண்டு குழாய். அவற்றின் பட்டை கதவு வழியாக உள்ளே போய்க் கூரையின் உட்பக்கத்தைச் சுற்றிவரும். இதுதான் மென் ரேக். மடித்தால் ஒரு பைக்குள் போய்விடும், வாடகை வண்டியிலும் போடலாம், விலையும் குறைவு. ஷார்ட்போர்டு ஒன்றிரண்டை, மிதமான வேகத்தில், எப்போதாவது எடுத்துப் போகிறவருக்கு இது போதும் என்றே சொல்வேன். பட்டை சுற்றுவது கூரையையே என்பதால் அலங்கார ரெயிலை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

குறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். மழை பெய்தால் பட்டை நீரை உறிஞ்சி உள்ளே சொட்டும். ஐப்பசி மழையில் கோவளம் வரை போனால் தோள்பட்டை நனைந்துவிடும். மெத்தைக்குக் கீழே ஒரு மணல்துகள் சிக்கினாலும் பெயின்ட் போய்விடும், ஆகவே ஒவ்வொரு முறையும் கூரையைத் துடைக்கவேண்டும். கதவுக்கு மேலே திரை ஏர்பேக் உள்ள வண்டியில் உட்புறப் பட்டை அதன் வழியில் குறுக்கிடும். திரை ஏர்பேக் உள்ளவர்கள் கையேட்டைப் பார்க்காமல் இதைப் போடாதீர்கள். லாங்போர்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இலங்கையின் அறுகம் குடாவுக்கு அலையேறப் போனவர்கள் கேட்கலாம்: அங்கே முச்சக்கர வண்டிகளின் கூரையிலேயே போர்டைக் கட்டிக்கொண்டு போகிறார்களே என்று. வேகம் பாதியானால் காற்றின் விசை கால்வாசியாகிவிடும். 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியின் கட்டுமானத்தைப் பார்த்து 80 கி.மீ. வேகத்தில் போகும் காருக்கு வழி தேட முடியாது.

5. பட்டறையில் செய்த கேரியர்

சென்னை ஜி.பி. ரோட்டில் தொடங்கி எந்த ஊர் ஆட்டோமொபைல் கடைத்தெருவுக்குப் போனாலும், இரும்புக் குழாயை வளைத்துச் சுற்றிலும் கைப்பிடி வைத்த கூடைக் கேரியர் கிடைக்கும். சுற்றுலா வண்டிகளில் பார்ப்பது அதுதான். போர்டுக்கு அது தோதுப்படாது. கூடையின் விளிம்பு போர்டின் அடியில் இரண்டு கோடாக அழுத்தும், போர்டைத் தேவையில்லாமல் உயர்த்தும், உயர்ந்த போர்டுக்கு அடியில் காற்று புகும்.

ஆனால் நல்ல வெல்டர் ஒருவர் கிடைத்தால் இரண்டு குறுக்குக் கம்பிகள் மட்டும் செய்துகொள்ளலாம், அதுவும் மழைநீர் விளிம்போ அசல் ரெயிலோ உள்ள வண்டியாக இருந்தால் மட்டும். வழுக்கைக் கூரைக்குப் பட்டறைக் கொக்கி வேண்டாம். செய்யச் சொன்னால் கம்பியின் இரு நுனியையும் உருட்டி மூடச் சொல்லுங்கள், வெல்டிங் முடிந்தபின் பவுடர் கோட்டிங் கொடுங்கள், போல்ட்டு நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகப் போடச் சொல்லுங்கள். சாதா போல்ட்டு கடல் காற்றில் சீக்கிரமே துருவில் இறுகிவிடும். அப்புறம் கட்டர் வைத்துத்தான் கழற்றவேண்டும்.

6. ஸ்பாஞ்சும் பட்டையும்

கம்பியின்மேல் போர்டை நேராக வைக்கக் கூடாது. ஃபைபர் மேலோடு மெல்லியது. கட்டை விரலால் அழுத்தினாலே சில போர்டுகளில் பள்ளம் விழும். ரேக்குக்கென்று விற்கும் உறை போட்ட ஸ்பாஞ்சு நல்லது. கிடைக்காவிட்டால் ஏ.சி. செம்புக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் ஃபோமை நீளவாக்கில் கீறிக் கம்பியில் மாட்டி, இரண்டு இடத்தில் கேபிள் டை போட்டுவிடுங்கள். டையின் முடிச்சு கீழ்ப்பக்கம் இருக்கட்டும்.

பட்டை விஷயத்தில் கறாராக இருங்கள். வேண்டியது 25 மி.மீ. அகலப் பாலியெஸ்டர் பட்டை, பல் வைத்த உலோகப் பக்கிள். இழுத்தால் இறுகும், கட்டை விரலால் அழுத்தினால் விடும். கடையில் கேட்டால் லாரி லோடு கட்டும் ராட்செட்டை எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நெம்பு வைத்து இறுக்கும்போது எவ்வளவு இறுகியது என்று கைக்குத் தெரியாது, டிக் டிக்கென்று இரண்டு சொடுக்கு அதிகமானால் போர்டின் விளிம்பு நொறுங்கிவிடும். பைக்கில் மாட்டும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு அதைவிட ஆபத்து: காற்று இழுத்தால் அதுவும் நீளும், போர்டு எழும்பும், கொக்கி தெறிக்கும். நைலான் நனைந்தால் நீளும் என்பதால் அதையும் தவிர்க்கலாம்.

ஒரு போர்டுக்கு மூன்றரை மீட்டர் பட்டை இரண்டு போதும். இரண்டு மூன்று போர்டுகளை அடுக்குவதானால் நாலரை மீட்டர் வாங்குங்கள். பக்கிளுக்குக் கீழே ரப்பர் உறை இருக்கிறதா என்று பாருங்கள். வீசும்போது அந்த உலோகம்தான் கார்க் கண்ணாடியிலும் போர்டிலும் விழுகிறது.

7. கட்டும் முறை

போர்டைக் கவிழ்த்து வையுங்கள்: நிற்கும் பக்கம் கீழே, ஃபின் மேலே. வால் முன்னால், மூக்கு பின்னால். இதற்கு மூன்று காரணங்கள். போர்டின் இரு நுனியும் மேல்நோக்கி வளைந்திருக்கும். நிமிர்த்தி வைத்தால் கரண்டியைப்போலக் காற்றை அள்ளும், கவிழ்த்து வைத்தால் எதிர்க்காற்று போர்டைக் கீழே அழுத்தும். இரண்டாவது, பட்டை தளர்ந்து போர்டு பின்னால் நழுவினாலும் ஃபின் வந்து முன் பட்டையில் தட்டி நிற்கும். மூன்றாவது, கால் வழுக்காமல் இருக்க மெழுகு பூசிய பக்கம் வெயிலைப் பார்க்காமல் இருக்கும். இல்லையென்றால் சென்னை வெயிலில் அரை மணி நேரத்தில் உருகிக் கண்ணாடியில் வழிந்துவிடும்.

போர்டின் அகலமான பகுதி இரண்டு கம்பிக்கும் நடுவே வரட்டும். வைத்ததும் கட்டத் தொடங்காதீர்கள். பின்னால் போய் டிக்கியை மெதுவாகத் திறந்து பாருங்கள். கவிழ்ந்த மூக்கு கீழ்நோக்கி வளைந்திருப்பதால் ஹேட்ச்பேக்கின் டிக்கிக் கதவு அதில் மோதும். கடற்கரையில் இறங்கியதும் துண்டு எடுக்கிற அவசரத்தில் டிக்கியைத் தூக்கி மூக்கை உடைத்தவர்கள் உண்டு. மோதுமானால் போர்டை ஒரு சாண் முன்னால் தள்ளுங்கள், அல்லது போர்டை இறக்கும்வரை டிக்கியைத் திறப்பதில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவையுங்கள்.

இப்போது பட்டை. பக்கிள் உள்ள நுனியை உங்கள் பக்கம் வைத்துக்கொண்டு மறு நுனியைப் போர்டின்மேல் அந்தப் பக்கம் போடுங்கள். சுற்றிப் போய், அந்த நுனியைக் கம்பிக்கு அடியில் விட்டு, போர்டின் விளிம்புக்குப் பக்கத்திலேயே மேலே கொண்டுவந்து, மறுபடி போர்டின்மேல் உங்கள் பக்கம் வீசுங்கள். திரும்பி வந்து, உங்கள் பக்கக் கம்பிக்கு அடியில் விட்டு, மேலே ஏற்றிப் பக்கிளில் நுழையுங்கள். பக்கிள் போர்டின் விளிம்பில் உட்காராமல், கம்பிக்குச் சற்று மேலே பக்கவாட்டில் நிற்கவேண்டும். போர்டின்மேல் பட்டை இரண்டு கோடாக ஓடும், கம்பியை இரு பக்கமும் பிடித்திருக்கும். பட்டை கம்பியைத்தான் சுற்றவேண்டும். ரெயிலையோ காலையோ அல்ல. போர்டுக்கும் கம்பிக்கும் நடுவே பட்டையில் ஒரே ஒரு முறுக்கு விடுங்கள், காற்றில் அது வீணை நரம்பாய் அதிர்ந்து ஊளையிடாது.

ஒரு கையால் இழுத்து இறுக்குங்கள், காலை வண்டியில் ஊன்றி இழுக்கவேண்டாம். மிச்ச நுனியைக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள், அல்லது கதவுக்குள் விட்டு மூடுங்கள். கடைசியாகப் போர்டின் வாலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். போர்டு தனியாக ஆடக் கூடாது. வண்டியே சேர்ந்து ஆடவேண்டும். அப்படி ஆடினால்தான் கட்டு சரி.

காலில் மாட்டும் கயிறான லீஷைச் செருகுகிற சின்னக் குழி போர்டின் வாலில் இருக்குமே, அதில் கயிறு கோத்து வண்டியில் கட்டும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அது கால் இழுப்பதைத் தாங்கச் செய்தது. சாலைக் காற்றில் பிய்ந்து வந்தால் ஓட்டைதான் மிஞ்சும்.

பல போர்டுகள் என்றால் பெரியது அடியில், சிறியது மேலே, ஒவ்வொன்றுக்கும் நடுவே துண்டோ ஸ்பாஞ்சோ. கழற்ற முடிகிற ஃபின்களைக் கழற்றிவிடுங்கள். ஓர் அடுக்கில் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

8. சாலையில்

கிளம்பி ஐந்து நிமிடத்தில் ஒருமுறை நிறுத்திப் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். ஸ்பாஞ்சு அமுங்கித் தளர்ந்திருக்கும். திரும்பும்போது இன்னும் கவனம் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையான நாட்களில் அதிகாலையில் நிலத்திலிருந்து கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும்போது சாலை அமைதியாக இருக்கும். வெயில் ஏறியதும் கடல் காற்று திரும்பிப் பக்கத்திலிருந்து அடிக்கும். போகும்போது அசையாத போர்டு வரும்போது அசையும். 70 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் வாருங்கள், முட்டுக்காட்டில் இன்னும் குறையுங்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. சுமை பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டியிருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம், இறக்குகிற செலவும் நம் தலையில். 9 அடி போர்டைச் சரியாக நடுவில் வைத்தால் சிறிய காரிலும் முன் பம்பருக்கும் பின் பம்பருக்கும் உள்ளேயே நிற்கும். கம்பியின் நுனி கதவுக்கு வெளியே துருத்தாமல் வெட்டிக்கொள்ளுங்கள்.

உயரத்தை மறந்துவிடாதீர்கள். காம்பாக்ட் எஸ்யூவியின் உயரம் 165 செ.மீ. என்றால், ரேக் 10, போர்டு 8, லாங்போர்டின் நடு ஃபின் 25, மொத்தம் 208. வணிக வளாகத்தின் அடித்தளப் பார்க்கிங்கில் 2.1 மீட்டர் என்று எழுதித் தொங்கும் கட்டைக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்கும். உங்கள் வண்டியின் கணக்கை ஒரு சீட்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவையுங்கள்.

9. வெயிலும் உப்பும்

அலையை விட்டு வந்து இட்லி சாப்பிட உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரம் போர்டு கூரையில் வெயிலில் கிடக்கக் கூடாது. உள்ளே தெர்மாகோல் வகை ஃபோம் வைத்த எபாக்சி போர்டுகளில் சூட்டில் காற்று விரிந்து மேலோடு உரிந்து கொப்புளம் கிளம்பும். பழைய பாணிப் பாலியூரித்தேன் போர்டு மஞ்சளாகும். இறக்கி நிழலில் சாய்த்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். முடியாவிட்டால் வெள்ளிநிறம் பூசிய உறை போடுங்கள். கறுப்பு உறை வெயிலில் அடுப்புதான். உறையோடு கட்டும்போது போர்டைவிட நீளமான உறை காற்றில் படபடக்கும். மிச்சத்தை மடித்துக் கட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரேக்கின் கால், போல்ட்டு, பக்கிள் மூன்றிலும் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். அலுமினியக் கம்பியில் இரும்புப் போல்ட்டு தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு நீர் பட்டால் அரிப்பு வேகமாக நடக்கும். மாதம் ஒருமுறை மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும். வாரக் கடைசியில் மட்டும் போகிறவர்கள் ரேக்கைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். மைலேஜும் மிச்சம், கூரை ஓரத்தில் ரப்பர் பாதத்துக்கு அடியில் மணல் சேர்ந்து பெயின்டைத் தின்பதும் நிற்கும். மறுபடி மாட்டும்போது இடம் தேடாமல் இருக்க, கதவு விளிம்பில் சின்னத் துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

பட்டையை அலசி நிழலில் காயப்போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை விரலில் மடித்துப் பாருங்கள். மடிந்த இடத்தில் நிறம் வெளுத்து, நகத்தால் வருடினால் பொடியாகத் தூசி வந்தால், வெயில் இழையைத் தின்றுவிட்டது என்று பொருள். அதை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, புதிய பட்டை வந்தபின் கிளம்புங்கள்.